‘பொறுப்பான வளர்ச்சி’ என்று அட்டை வந்தால் என்ன செய்வது? அமெரிக்கப் புறநகருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தேர்தல் வழிகாட்டி

வேகமாக வளரும் புறநகரில் குடியேறிய முதல் வருடத்திலேயே தபால் பெட்டியில் வழவழப்பான அட்டைகள் வந்து விழத் தொடங்கும். நகர மன்றத் தேர்தல் வேட்பாளர் குடும்பத்தோடும் நாயோடும் சிரித்துக்கொண்டிருப்பார். கீழே மூன்று வரிகள்: பொறுப்பான வளர்ச்சி, நெரிசலுக்குத் தீர்வு, குறைந்த வரி. எதிர்த்து நிற்பவரின் அட்டையைப் புரட்டினால் அதிலும் இதே மூன்றுதான்.

வளர்ச்சியை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று கேட்டு ஒரு வேட்பாளரை எடைபோட முடியாது. சொன்னதை மன்றத்தில் எந்த ஓட்டின் மூலம், யார் காசில், எத்தனை வருடத்துக்குச் செய்வார் என்று அவரால் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

முதலில்: ஓட்டு இருக்கிறதா, எந்தத் தேதி

குடியுரிமை பெறாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது, வாக்காளராகப் பதிவுசெய்ய விருப்பமா என்று படிவமோ திரையோ கேட்கும். எச்1பி விசாவில் இருந்தாலும் சரி, கிரீன் கார்டு இருந்தாலும் சரி, ‘இல்லை’ என்றே குறியுங்கள். தெரியாமல் பதிவானால்கூடப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும். நாடு கடத்தும் நடவடிக்கை வரைக்கும் போகலாம். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்கள் 1992 முதல் குடியுரிமை இல்லாதவர்களையும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப்போட விடுகின்றன. அவை விதிவிலக்கு.

நன்கொடையிலும் கவனம் தேவை. விசாவில் இருப்பவர்கள் உள்ளூர்த் தேர்தல் உட்பட எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆனால் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து பேச, பெரும்பாலும் யாரும் குடியுரிமை கேட்பதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் பொதுவாக மூன்று நிமிடம் கிடைக்கும்.

தேதியும் ஏமாற்றும். நவம்பர் மாத அதிபர் தேர்தலோடுதான் எல்லாம் நடக்கும் என்று இருந்துவிட்டால் நகர மன்றத் தேர்தல் கடந்து போயிருக்கும். டெக்சஸில் பல ஊர்கள் மே மாதத்தில் நடத்துகின்றன. வட கரோலினாவில் பல ஊர்கள் ஒற்றைப்படை ஆண்டுகளில். டெக்சஸில் பதிவுக்கான கெடு தேர்தலுக்கு 30 நாள் முன்பு. பெரும்பாலான ஊர்களில் வாக்குச் சீட்டில் கட்சிப் பெயரும் இருக்காது. ஓட்டுப்போட வருபவர்கள் குறைவு என்பதால் சில நூறு ஓட்டில், சமயத்தில் சில பத்து ஓட்டில், முடிவு மாறும். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து போனாலே எடுபடும் தேர்தல் இது.

சொத்து வரிச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

யார் எதற்குப் பொறுப்பு என்று அறிய இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. கவுன்ட்டி, நகரம், பள்ளி மாவட்டம் எனத் தனித்தனி வரிகள் இருக்கும். டெக்சஸில் முனிசிபல் யுடிலிட்டி மாவட்டம், ஃபுளோரிடாவில் சமூக மேம்பாட்டு மாவட்டம், கலிஃபோர்னியாவில் மெல்லோ ரூஸ் என்று கூடுதலாக ஒரு வரியும் வரலாம். தண்ணீர்க் குழாயும் தெருவும் போட வாங்கிய கடனை அந்தப் பகுதி வீட்டுக்காரர்களே அடைக்கும் ஏற்பாடு அது. மன்றத்துக்கு வருபவர் ‘நகர வரியைக் குறைப்பேன்’ என்று சொன்னாலும் இந்த வரியை அவரால் தொட முடியாது.

பள்ளி பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. டெக்சஸ் போன்ற பல மாநிலங்களில் பள்ளி மாவட்டம் தனி அமைப்பு: தனித் தேர்தல், தனி வரி, எல்லையும் நகர எல்லையோடு பொருந்தாது. அங்கே ‘புதுப் பள்ளி கட்டித் தருவேன்’ என்று ஒரு நகர மன்ற வேட்பாளர் சொன்னால் அவருக்கே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். வர்ஜீனியாவில் கதை வேறு. பள்ளி வாரியத்துக்கு அங்கே வரி போடும் அதிகாரம் கிடையாது, கவுன்ட்டி கொடுப்பதுதான். இன்னொன்று, அதே மாநிலத்தின் ஆஷ்பர்ன் மாதிரி இடங்கள் பேச்சுக்குத்தான் ஊர். சட்டப்படி நகரமே இல்லை. நகர மன்றம் செய்யும் வேலையை அங்கே லௌடன் கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழுதான் செய்கிறது.

சாலையில் மாநில நெடுஞ்சாலை எண் பலகை இருந்தால், அந்தச் சாலையின் அகலமும் பெரும்பாலும் சிக்னலின் நேரமும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில். நகர மன்றம் கடிதம் எழுதலாம், செலவில் பங்கு போடலாம்.

இத்தனையும் கழித்த பிறகு மன்றத்திடம் மிஞ்சுவது: நிலப் பயன்பாடு, உள்ளூர்த் தெரு, போலீஸ், தீயணைப்பு, பூங்கா, பல ஊர்களில் தண்ணீரும் கழிவுநீரும், பிறகு வரவு செலவுத் திட்டம். அதிலும் புறநகர்களில் அன்றாட நிர்வாகத்தைப் பெரும்பாலும் மன்றம் நியமித்த சிட்டி மேனேஜர் நடத்துவார். ஏழு பேர் மன்றத்தில் உங்கள் வேட்பாளருக்கு ஒரு ஓட்டு. ‘நான் செய்து முடிப்பேன்’ என்பவரிடம், மற்ற மூன்று ஓட்டு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

‘புது வீடுகளை நிறுத்துவேன்’ என்பதன் உள்ளடக்கம்

அதிகம் கைதட்டு வாங்கும் வாக்குறுதி இதுதான். அதிகம் உடைவதும் இதுதான். காரணம், அனுமதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு விஷயம்.

சோனிங்கை மாற்றுவது, அதாவது விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக்குவது, சட்டம் இயற்றுவதற்குச் சமம். மன்றம் ‘முடியாது’ என்று சொல்ல நிறைய இடம் உண்டு. ஆனால் ஏற்கெனவே குடியிருப்பாக வகைப்படுத்தப்பட்ட நிலத்தில், விதிப்படி வரைந்து வரும் மனைப்பிரிவு வரைபடத்தைப் பொதுவாக ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். டெக்சஸில் 2019-இல் வந்த சட்டம் அதற்கு 30 நாள் கெடுவும் வைத்தது. அதற்குள் குறை எது என்று எழுத்தில் சொல்லாவிட்டால் அது ஒப்புதலாகிவிடும். மண்டபம் நிரம்பக் கூட்டம் வந்து எதிர்த்தும் மன்ற உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டு ‘சரி’ என்று ஓட்டுப்போடுவது இதனால்தான். பில்டர் நீதிமன்றம் போனால் நகரம் தோற்கும், செலவு உங்கள் தலையில் விழும்.

ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டிய எண்: ஒப்புதல் பெற்று இன்னும் கட்டப்படாத வீடுகள் இந்த ஊரில் எத்தனை? திட்டமிடல் துறையிடம் அந்தப் பட்டியல் இருக்கும். அந்த எண்ணைச் சுமாராகக்கூடத் தெரியாமல் ‘நிறுத்துவேன்’ என்பவர் நிறுத்தப்போவது எதை?

வேகத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பதில்லை. நியூயார்க்கின் ராமபோ 1969-இல் புள்ளிக் கணக்கு வைத்தது: கழிவுநீர், வடிகால், பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்த்து மதிப்பெண், 15 வந்தால்தான் மனைப்பிரிவுக்கு அனுமதி. இந்த வசதிகளைக் கட்டி முடிக்கப் பதினெட்டு ஆண்டுத் திட்டத்தையும் கூடவே வைத்திருந்ததால் மாநில உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1972-இல் அதை ஏற்றது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா வருடத்துக்கு 500 வீடு என்று உச்ச வரம்பு போட்டது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்றது. இரண்டிலும் எழுதி வைத்த திட்டமும் எண்ணும் இருந்தன. வேட்பாளரிடமும் அப்படி ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

ஊர் எல்லைக்குள் கதவை அடைத்தால் பில்டர் எல்லைக்கு வெளியே, கட்டுப்பாடு குறைந்த கவுன்ட்டி நிலத்துக்குத் தாவுவார். அங்கே குடியேறியவர்களின் கார் உங்கள் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகும். வரி மட்டும் உங்கள் ஊருக்கு வராது.

300 வீட்டுக் கணக்கு

பக்கத்துக் காலிமனையில் 300 தனிவீடுகள் வரப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள், வேட்பாளரின் பேச்சை உரசிப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

போக்குவரத்து: பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேட்டுக் கணக்கில் ஒரு தனிவீட்டுக்கு வேலைநாளில் சுமார் 9.4 கார்ப் பயணம். 300 வீட்டுக்கு ஏறத்தாழ 2,800. மாலை நெரிசல் மணி நேரத்தில் வீட்டுக்கு ஒன்று, அதாவது 300-க்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளே வரும் கார்கள்.

இப்போது வாசலுக்கு வாருங்கள். அந்த மணி நேரத்தில் உள்ளே வரும் கார்களில் 120 பெரிய சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் 120 நொடிக்கு ஒருமுறை சுற்றினால் மணிக்கு 30 சுற்று. சுற்றுக்குச் சராசரி 4 கார். ஆனால் கார் சராசரி பார்த்து வராது. ஒரு சுற்றில் இரண்டு வரும், அடுத்ததில் எட்டு. நிற்கும் காருக்கு 25 அடி என்று வைத்தால் 150 அடி நீளத் திரும்பு தடத்தில் ஆறு கார்தான் அடங்கும். ஏழாவது காரின் வால் நேர்ப்பாதையில் நீட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வரும் அத்தனை பேரும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். புறநகர் நெரிசலில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது. சாலை குறுகலாக இருப்பதால் அல்ல. சராசரியின் இரு மடங்குக்கு இடம் விடுவது வழக்கம்: எட்டுக் கார், 200 அடி. இந்த ஐம்பது அடியை மனைப்பிரிவு ஒப்புதலின்போதே பில்டரிடம் கேட்டுப் பெறலாம். பிறகு செய்தால் நகரத்தின் செலவு.

இதைவிட நல்ல மருந்து இரண்டாவது வாசலும், பக்கத்து மனைப்பிரிவோடு இணைக்கும் தெருவும். அந்த இணைப்பை ‘எங்கள் தெரு வழியே வெளியாள் போவான்’ என்று பக்கத்துக்காரர்களே எதிர்ப்பார்கள். அதனால் ‘தெருக்களை இணைக்க வேண்டும்’ என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லும் வேட்பாளருக்கு எங்கள் கணக்கில் ஒரு மதிப்பெண் கூடுதல். ‘ஆறு வழியாக்குவேன்’ என்பவரிடம் ஹியூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயைக் காட்டுங்கள். 2008-இல் விரிவாக்கம் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடம். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடியும் நீண்டுவிட்டது.

தண்ணீர்: அமெரிக்கக் குடும்பம் சராசரியாக ஒரு நாளைக்கு 300 கேலனுக்கு மேல் செலவழிக்கிறது. 300 வீட்டுக்கு 90,000 கேலன். புல்வெளிக்குப் பாய்ச்சும் கோடை நாளில் இது இரு மடங்காகலாம். அதே நாளில் ஒரு வீடு தீப்பிடித்தால் நிமிடத்துக்கு 1,000 கேலன் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 60,000 கேலன் கூடுதலாக வேண்டும். ‘நம்மிடம் போதுமான தண்ணீர் இருக்கிறது’ என்று சொன்னால், சராசரி நாளுக்கா உச்ச நாளுக்கா என்று கேளுங்கள். வறண்ட மேற்கு மாநிலங்களில் கேள்வி இன்னும் கடுமையானது. அரிசோனாவின் பெருநகரப் பகுதிகளில் புது மனைப்பிரிவுக்கு 100 ஆண்டுத் தண்ணீர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய திட்டங்களுக்கு 2023 ஜூனில் மாநிலம் கதவை மூடியது.

மழைநீர்: ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்பது 27,154 கேலன். காடாக இருந்தபோது பெரும்பகுதி மண்ணில் இறங்கிய நீர், கூரையும் தாரும் வந்தபின் ஓடுகிறது. அதற்காகத்தான் மனைப்பிரிவின் தாழ்ந்த மூலையில் தேக்கக் குளம். குளம் பெரும்பாலும் வீட்டுக்காரர் சங்கத்தின் சொத்து, நகரத்துடையது அல்ல. ஒருநாள் மாலை நடந்துபோய்ப் பாருங்கள். வெளியேறும் கான்கிரீட் தொட்டியின் கம்பி வலையில் இலையும் பாலித்தீனும் அடைத்திருக்கிறதா, வாயைச் சுற்றி சம்பங்கோரை மண்டியிருக்கிறதா? வண்டல் நிரம்பினால் குளத்தின் கொள்ளளவு போய்விடும். அடுத்த பெருமழையில் நனைவது உங்கள் வீடாக இருக்காது, கீழ்ப்பக்கத்தில் நாற்பது வருடமாக இருப்பவரின் வீடாக இருக்கும். பழைய குடியிருப்புக்காரர்கள் வளர்ச்சியைக் கண்டாலே முறைப்பதில் நியாயம் இருக்கிறது. குளங்களை ஆண்டுக்கொருமுறை சோதிக்க நகரத்தில் ஆள் இருக்கிறார்களா என்பது நல்ல கேள்வி. யாரும் கேட்பதில்லை.

தீயணைப்பு: வண்டி கிளம்பியதிலிருந்து நான்கு நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட தரம். நிலையம் கட்டுவது ஒருமுறைச் செலவு. வண்டிக்கு நான்கு பேர், மூன்று ஷிஃப்ட், விடுப்புக்கு மாற்றாள் என்றால் 14, 15 பேருக்கு வருடா வருடம் சம்பளம். ‘புது ஃபயர் ஸ்டேஷன்’ என்று அட்டையில் படம் போட்டவரிடம் அந்தச் சம்பளம் எங்கிருந்து என்று கேளுங்கள்.

யார் காசு

‘வளர்ச்சியே வளர்ச்சிக்குச் செலவழிக்கட்டும்’ என்பது இன்னொரு பழகிய வாக்கியம். இம்பாக்ட் கட்டணத்தைச் சொல்கிறார்கள். பில்டரிடம் வாங்கும் இந்தத் தொகையைப் புது வீடுகளால் தேவைப்படும் கட்டுமானத்துக்கே செலவழிக்கலாம். சம்பளத்துக்குக் கூடாது, பழைய பள்ளத்தை மூடவும் கூடாது. தொகையும் மன்றத்தின் இஷ்டம் அல்ல. போர்ட்லண்டின் புறநகரான டிகார்டில் ஒரு ஹார்டுவேர் கடை விரிவாக்கத்துக்கு அனுமதி தர நகரம் நிலம் கேட்டது; பாதிப்புக்கு ஏற்ற அளவில்தான் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுன்ட்டி ஒரு வீட்டுக்குக் கேட்ட 23,420 டாலர் சாலைக் கட்டணம் பற்றிய வழக்கில், மன்றம் சட்டமாக இயற்றியது என்பதாலேயே ஒரு கட்டணம் இந்தச் சோதனையிலிருந்து தப்பாது என்று அதே நீதிமன்றம் 2024-இல் சொன்னது. ஆகவே ‘கட்டணத்தை மூன்று மடங்காக்குவேன்’ என்பவர் அதற்கான ஆய்வு எங்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது, இருபது வருடம் கழித்து வரும் பில். புது மனைப்பிரிவின் தெருவைப் போடுபவர் பில்டர். ஓரிரு ஆண்டு உத்தரவாதம் முடிந்ததும் தெரு நகரத்தின் சொத்து. அதன்பிறகு நீண்ட காலம் செலவே இருக்காது. வரி மட்டும் வரும். அந்தக் காலத்தில் எந்த மன்றமும் கெட்டிக்கார மன்றமாகத் தெரியும். தார்ச் சாலைக்கு 15, 20 ஆண்டில் மேல்பூச்சு தேவை. கான்கிரீட் இன்னும் கொஞ்சம் தாங்கும். டெக்சஸின் ஃப்ரிஸ்கோ 2000-இல் 33,714 பேர், 2020-இல் 2,00,509 பேர். இப்படி ஒரே மூச்சில் வளர்ந்த ஊரில் தெருவும் குழாயும் ஒரே வயது. ஒரே சமயத்தில் பழசாகும். அப்போது வளர்ச்சியின் வேகம் குறைந்து புது வரியும் வராது. டெக்சஸில் 2019-இல் இயற்றிய சட்டப்படி, இருக்கும் சொத்துகளின் மீதான பொது வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1978 முதல் வீடு கைமாறும்வரை மதிப்பீட்டின் உயர்வே ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குள். ‘குறைந்த வரி’ என்பவர், சாலைப் பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது, தேவை எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சொல்லட்டும்.

ஒரு மணி நேரம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: பெரிய வண்டி நிறுத்தத்தோடு கூடிய, பெட்டி வடிவக் கட்டடத்தில் உள்ள ஒரு பெரிய கடை, பழைய கடைத்தெருவின் இரண்டு மாடிக் கட்டடம், உங்கள் வீடு. வரிக்குரிய மதிப்பை ஏக்கரால் வகுங்கள். பெரும்பாலும் அந்தப் பழைய இரண்டு மாடிதான் ஏக்கருக்கு அதிகம் தரும். பெரிய கடை விற்பனை வரி தருமே என்பார்கள், சரி. அந்தக் கடைக்கு எத்தனை வருட வரித் தள்ளுபடி கொடுத்து அழைத்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே தேடுவது

நகரத்தின் தளத்தில் நான்கு ஆவணம் போதும். முழுமைத் திட்டத்தின் எதிர்கால நிலப் பயன்பாட்டு வரைபடம்: உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீடு விற்றவர் ‘இங்கே எதுவும் வராது’ என்று சொல்லியிருப்பார். நிறம் வேறு சொல்லும். அடுத்தது மூலதனச் செலவுத் திட்டம், பொதுவாக ஐந்தாண்டுக்கானது. வேட்பாளர் சொல்லும் சாலை இதில் இருக்கிறதா, ‘நிதி இல்லை’ என்ற பத்தியில் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, கூட்ட நிகழ்ச்சி நிரலும் அதனோடு வரும் கோப்பும். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை ஒட்டியாக வேண்டும். கோப்பு 400 பக்கம் இருந்தாலும் பயப்படாதீர்கள். அலுவலர் அறிக்கையின் கடைசியில் உள்ள நிபந்தனைப் பட்டியலை முதலில் படியுங்கள். திரும்பு தடம், குளம், நடைபாதை எல்லாம் அங்கேதான். பதவியில் இருப்பவர் மீண்டும் நின்றால், கடந்த ஐந்து சோனிங் மாற்றங்களில் எப்படி ஓட்டுப்போட்டார் என்று கூட்டக் குறிப்பில் பார்த்துவிடுங்கள். புதியவர் என்றால் திட்டமிடல் ஆணையத்தில் இருந்தாரா என்று தேடுங்கள். பலரும் அந்தப் படியேறித்தான் வருகிறார்கள்.

நான்காவது, நன்கொடைக் கணக்கு. பெரும்பாலும் நகரச் செயலரிடம் தாக்கலாகியிருக்கும். ஒரே முகவரியிலிருந்து நாலைந்து எல்எல்சி (தனியார் நிறுவன) பெயரில் பணம் வந்திருந்தால் அந்த முகவரி யாருடையது என்று தேடுங்கள். பில்டரிடம் வாங்கினார் என்பதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். வாங்கிவிட்டு ‘நிறுத்துவேன்’ என்று அட்டை அடித்தால் சந்தேகப்படலாம்.

கேட்கும்போது

வேட்பாளர் சந்திப்பில் நீண்ட முன்னுரை வேண்டாம்; ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள். ஒரே வாக்கியமாகக் கேளுங்கள். ‘கடந்த ஆண்டு மன்றம் ஏற்ற எந்தத் திட்டத்தை நீங்கள் மறுத்திருப்பீர்கள், எந்த விதியைக் காட்டி?’ இந்தக் கேள்விக்குத் தப்பிக்க வழி குறைவு. திட்டத்தின் பெயரும் விதியும் வந்தால் படித்திருக்கிறார். ‘எல்லோரையும் அழைத்துப் பேசுவேன்’ என்று வந்தால் படிக்கவில்லை.

அடுத்த கேள்வி: ‘பணம் பற்றாவிட்டால் எதைத் தள்ளிப்போடுவீர்கள்?’ எதையும் தள்ளிப்போட மாட்டேன் என்பவர் சாலைப் பராமரிப்பைத்தான் தள்ளிப்போடுவார். அதைத் தள்ளினால் உடனே யாரும் கத்த மாட்டார்கள்.

வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே வருபவர்கள் ஒரே மாதிரி வீட்டில் இருக்கும் ஒரே மாதிரிக் கவலை உள்ளவர்கள். நமது வாட்சப் குழுக்களும் அப்படியே. ‘அடுக்குமாடி வந்தால் பள்ளி நிரம்பிவிடும்’ என்ற செய்தி அங்கே வருடா வருடம் சுற்றும். ஒரு வீட்டுக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கைப் பள்ளி மாவட்டமே பொதுவாக வைத்திருக்கும். அதைப் பாருங்கள், அடுக்குமாடியைவிடத் தனிவீட்டிலிருந்துதான் பொதுவாக அதிகம் குழந்தைகள் வருகிறார்கள்.

தேர்தல் முடிந்த பிறகு திட்டமிடல் ஆணையம், பூங்காக் குழு போன்றவற்றில் காலியிடங்களுக்கு நகரத்தின் தளத்தில் விண்ணப்பம் கேட்பார்கள். எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும், பதிவான வாக்காளராக இருக்க வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். சில குழுக்களுக்குக் கெடு முடியும்வரை ஒரு விண்ணப்பமும் வருவதில்லை.